மோல் கான்செப்ட் மண்டையில ஏறவே மாட்டேங்குது, யாராச்சும் சொல்லிக்குடுங்க

மஞ்சக்குப்பம்_பையன்:
பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், இப்ப பிளஸ் ஒன் இங்கிலீஷ் மீடியம். பார்முலாவுல நம்பர போட்டா ஆன்சர் வந்துருது, ஆனா எதுக்கு வகுக்கறேன்னே தெரியல. நேத்து டெஸ்ட்ல 10 கிராம் நைட்ரஜன் 10 கிராம் ஹைட்ரஜன் குடுத்து அமோனியா எவ்ளோ வரும்னு கேட்டாங்க, நான் கூட்டி 20னு எழுதிட்டேன், முட்டை. எடை அழியாதுன்னு அவங்கதான சொல்லிக்குடுத்தாங்க?

பண்ருட்டி_முந்திரி:
தம்பி எங்க வீட்ல முந்திரி யாவாரம், அத வெச்சே சொல்றேன். பருப்ப 180, 240, 320னு நம்பர் சொல்லி விப்போம்ல, 320னா ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300லேர்ந்து 320 பருப்பு நிக்கும்னு அர்த்தம். மூட்டைய பிரிச்சு உக்காந்து எவனும் எண்ண மாட்டான், தராசுல போட்டாலே எத்தனைன்னு தெரிஞ்சிரும். மோலும் இதே வேலைதான், ஆனா தலைகீழ். எங்க கடையில எடை மாறாது எண்ணிக்கை மாறும், மோல்ல எண்ணிக்கை மாறாது, எடை மாறும். ஒரு மோல்னா 6.022 இன்ட்டூ 10 பவர் 23 எண்ணிக்கை, அவகாட்ரோ நம்பர்னு சொல்வாங்க. அத்தனை தண்ணி மூலக்கூறு சேந்தா 18 கிராம், அதே எண்ணிக்கையில உப்பு 58.5 கிராம். (உப்புக்கு மூலக்கூறுன்னு சொல்லக்கூடாதுன்னு யாராச்சும் சண்டைக்கு வருவாங்க, வரட்டும்)

லாஸ்பேட்டை_டீச்சர்:
சண்டைக்கு வரல, முந்திரி உதாரணத்த நாளைக்கு கிளாஸ்ல நான் சுடப்போறேன் 😄
தம்பி, நீ எழுதுன 20 முழுத்தப்பு இல்லப்பா. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு மூணு ஹைட்ரஜன் மூலக்கூறு வேணும், ரெண்டு அமோனியா வரும், அது எண்ணிக்கைக் கணக்கு, கிராம் கணக்கு இல்ல. அதனாலதான் மொதல்ல ஒரு மோலோட எடையால வகுத்து மோலா மாத்தறோம், நைட்ரஜனுக்கு அது 28 கிராம், ஹைட்ரஜனுக்கு 2, அமோனியாவுக்கு 17. நைட்ரஜன் 10ஐ 28ஆல வகுத்தா 0.357 மோல், ஹைட்ரஜன் 10ஐ 2ஆல வகுத்தா 5 மோல். 0.357க்கு மூணு மடங்கு 1.07தான், நைட்ரஜன் தீந்துரும், ஹைட்ரஜன் சும்மா நிக்கும். அமோனியா 0.357க்கு ரெண்டு மடங்கு, 0.714 மோல், 17ஆல பெருக்குனா 12.1 கிராம். மீதி ஹைட்ரஜன் 7.9. ரெண்டையும் கூட்டிப்பாரு, உன் 20 அங்கதான் இருக்கு. மொதல்ல தீந்துபோற ஆளுதான் லிமிட்டிங் ரியேஜென்ட். நிஜ பேக்டரியில ஒரே சுத்துல எல்லாம் அமோனியாவா மாறாது, அது ஈக்விலிப்ரியம் பாடத்துல வரும், இப்ப குழப்பிக்காத.

ஒயிட்டவுன்_வாசி:
அவகாட்ரோ அந்த நம்பர கண்டுபிடிக்கவே இல்ல தெரியுமா, 1811ல அவர் சொன்னது ஒரே வெப்பநிலை ஒரே அழுத்தத்துல சம பருமன் வாயுக்கள்ல சம எண்ணிக்கை மூலக்கூறு இருக்கும்னு மட்டும்தான். நம்பருக்கு அவர் பேர வெச்சது பெரின்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1909ல. பாண்டிக்காரனா இத சொல்லாம போக முடியல.

மஞ்சக்குப்பம்_பையன்:
மேடம் இப்பதான் புரியுது! சும்மா ஒண்ணு போட்டுப்பாத்தேன், கடல் தண்ணி ஒரு லிட்டர்ல சுமார் 35 கிராம் உப்புன்னு படிச்சேன், அப்ப எங்க கடலூர் சில்வர் பீச்ல ஒரு லிட்டர் மொண்டா 35 வகுத்தல் 58.5, 0.6 மோல் உப்பு. சரியா?

லாஸ்பேட்டை_டீச்சர்:
கணக்கு சரி. ஆனா அந்த 35ல மெக்னீசியம், சல்பேட்டெல்லாம் கலந்திருக்கும், அதனால சோடியம் குளோரைடு மட்டும் பாத்தா 0.6க்கு கொஞ்சம் கம்மி.