காமக் கதை எழுதுபவர்களைக் கேட்கிறேன்: உண்மையில் எதற்காக எழுதுகிறீர்கள்?

வரிக்குதிரை கேட்டது:

நான் எழுதுவது சாதாரணச் சிறுகதைகள். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஒன்றில், நாற்பதைத் தாண்டிய இரண்டு பேர் ரொம்ப காலத் தயக்கத்துக்கு அப்புறம் ஒரே அறைக்குள் வந்து நிற்கிறார்கள். வழக்கமாக இந்த இடத்தில் விளக்கை அணைத்துவிட்டு மறுநாள் காலைக்குத் தாவிவிடுவேன். இந்த முறை தாவ மனம் வரவில்லை, உட்கார்ந்து முழுக்க எழுதினேன். எழுதி முடித்தபோது கிளர்ச்சி இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதைவிட அந்த இரண்டு பேரையும் இப்போதுதான் தெரிந்துகொண்டேன் என்ற உணர்வுதான் பெரிதாக இருந்தது. அதிலிருந்து ஒரே யோசனை. பெயரும் வராது, பாராட்டும் வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி கிடைக்காது, அப்படி இருந்தும் இவ்வளவு பேர் எழுதுகிறார்களே, எது எழுத வைக்கிறது? ஆசையா, தனிமையா, பணமா? ‘அலைகிறவர்கள்தான் எழுதுவார்கள்’ என்பதைத் தாண்டி யோசித்தவர்கள் சொல்லுங்கள்.

பின்னிரவு எழுதியது:

பல வருடமாக வேறு பெயரில் எழுதுகிறேன். தொடங்கி வைத்தது ஆசைதான், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சிரிக்க வைக்க நகைச்சுவை எழுதலாம், பயமுறுத்தப் பேய்க்கதை எழுதலாம், உடம்பைச் சூடேற்ற எழுதினால் மட்டும் ஏன் காரணம் கேட்கிறார்கள் என்று எனக்குக் கோபமே வரும். ஆனால் ஆசை முதல் சில கதைகளுக்குத்தான் தாங்கும். உடம்பு செய்யக்கூடியது கொஞ்சம்தான், சீக்கிரமே எழுதித் தீர்ந்துவிடும். அதற்கு மேலும் ஒருவர் எழுதுகிறார் என்றால் அவரைப் பிடித்து வைத்திருப்பது ஆட்கள்.

ஒரு உதாரணம். என் கதையில் ஒருத்தி கண்ணாடி போடுபவள். அந்த நேரத்தில் கண்ணாடியைக் கழற்றுகிறாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் கை காற்றில் நிற்கிறது, அவன் அதை வாங்கி, மடக்கி, மிதிபடாத இடமாகப் பார்த்து வைக்கிறான். கழற்றியதும் அவளுக்கு அவன் முகம் கலங்கலாகிவிடும், அதனால் இன்னும் கிட்ட வருகிறாள். இதை எழுத எனக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்தது. இந்த மனிதனை நம்பலாமா என்பது அவளுக்கும் வாசகருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடுகிறது. வேறு எந்தக் காட்சியிலும் பாத்திரங்களுக்கு ஒளிந்துகொள்ள இடம் உண்டு, வசனத்துக்குப் பின்னால், வேலைக்குப் பின்னால், கௌரவத்துக்குப் பின்னால். இங்கே கிடையாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நூலகத்து எறும்பு எழுதியது:

பழைய கதைகளைப் பார்த்தால் ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. 1954ல் பிரான்சில் ‘ஓவின் கதை’ என்ற நாவல் போலின் ரேயாஜ் என்ற புனைபெயரில் வந்து பெரிய பரபரப்பாகியது. எழுதியது ஆண் என்றுதான் பலர் நினைத்தார்கள். நாற்பது வருடம் கழித்து, 1994ல்தான் ஆன் தெக்லோ என்ற பெண் நான்தான் எழுதினேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். பதிப்புத் துறையில் இருந்தவர். தன் காதலர் ஜான் போலான் தன்னைவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தில், அவர் ஒருவர் படிப்பதற்காக, இரவில் படுக்கையில் படுத்தபடி பென்சிலால் எழுதியிருக்கிறார். மொத்த நாவலும் ஒரே ஆளுக்கு எழுதிய காதல் கடிதம்.

இதற்கு நேர் எதிர் எழுத்தாளர் அனயீஸ் நின். 1940களில் ஒரு பணக்காரச் சேகரிப்பாளருக்காகப் பக்கத்துக்கு ஒரு டாலர் கூலிக்கு எழுதினார், காரணம் பணம்தான். அந்த ஆளோ கவித்துவம் வேண்டாம், விஷயத்துக்கு வா என்று தொல்லை கொடுத்திருக்கிறார். நின்னுக்கு அதில் வந்த எரிச்சல் கொஞ்சமில்லை, உணர்ச்சியை உருவிவிட்டுக் காமத்தை இயந்திரமாக்கினால் அதன் சக்தியே போய்விடும் என்பது அவர் கட்சி. கூலிக்கு எழுதியபோதும் தன் பார்வையை அவரால் விட முடியவில்லை. அந்தக் கதைகள் புத்தகமாக வந்தது அவர் இறந்த 1977ல்.

நம் பக்கத்திலேயே முத்துப்பழனி இருக்கிறார். 18ஆம் நூற்றாண்டுத் தஞ்சை அரசவையில் தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனம்’ எழுதியவர். அதில் ராதை ஆசைப்படுகிறாள், கேட்கிறாள், கோபித்துக்கொள்கிறாள், எல்லாம் அவள் பக்கத்திலிருந்து. பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை 1910ல் முழுதாகப் பதிப்பித்தார், ஆபாசம் என்று பிரிட்டிஷ் அரசு தடை போட்டது, தடை நீங்க முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. இதே காமம் ஆண் கவிகள் எழுதியபோது பக்தி என்றும் சிருங்காரம் என்றும் மரியாதையாக உலாவியது. பெண்கள் இதை எழுதுவதற்கு அதுவே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்: தன் ஆசையை வேறு ஒருவர் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பது சலித்துவிடும்.

கறார்வாசகன் எழுதியது:

மேலே எல்லோரும் உயர்ந்த பக்கத்தையே பேசுகிறீர்கள். இணையத்தில் கொட்டிக் கிடப்பதில் பெரும்பகுதியைப் படித்துப் பாருங்கள். தெரிந்த நடிகை பெயரைப் போட்டு எழுதுவது, பக்கத்து வீட்டுப் பெண்ணை அடையாளம் தெரிகிற மாதிரி எழுதுவது, வேண்டாம் என்று சொல்கிற பெண் இரண்டு பத்தி கழித்து ரசிக்க ஆரம்பிப்பது. இவற்றை எழுத வைப்பது ஆசை மட்டுமில்லை, அதிகாரம். நிஜத்தில் தன்னைத் திரும்பிப் பார்க்காதவளைக் கதையில் பணியவைப்பது. உயிரோடு இருக்கும் ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் இப்படி எழுதுவது அவருக்குச் செய்யும் கொடுமை, கற்பனைச் சுதந்திரம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஏன் எழுதுகிறோம் என்று கேட்டால் இதற்கும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பின்னிரவு எழுதியது:

கறார்வாசகன், நடிகை விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன், நானும் நிஜ மனிதர்களைத் தொடுவதில்லை, வயது வராதவர்கள் என் கதைப் பக்கமே வரமாட்டார்கள். ஆனால் அதிகாரம் பற்றி எழுதுவதே தப்பு என்று ஆகிவிடக் கூடாது. நிஜத்தில் ஒருபோதும் விரும்பாததைக் கதைக்குள் பாதுகாப்பாக நினைத்துப் பார்க்கிறவர்கள் நிறைய, பெண்களும் உண்டு. எழுதுகிறவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்கிறதா என்பதுதான் எனக்கு அளவுகோல், படித்தால் அது தெரிந்துவிடும்.

கங்கு எழுதியது:

வேறு ஒரு காரணம் சொல்கிறேன். பெரிய அறுவை சிகிச்சை ஒன்றுக்குப் பிறகு ரொம்ப நாள் என் உடம்பு மருத்துவர்களுக்கும் மாத்திரைகளுக்கும்தான் சொந்தமாக இருந்தது. தொடுகிற ஒவ்வொரு கையும் எதையோ சோதிக்கத்தான் தொட்டது. வீட்டில் எல்லோரும் அன்பாக இருந்தார்கள், ஆனால் நான் ஆசைப்படக்கூடியவள் என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள், நானும்தான். ஒருநாள் தழும்புள்ள ஒரு பெண்ணை வைத்து எழுத ஆரம்பித்தேன். அவளை ஒருவன் தொடுகிறான், தழும்பைத் தவிர்த்துவிட்டுப் போகவில்லை, அதற்காக இரக்கப்பட்டு அங்கேயே நின்றுவிடவும் இல்லை. இவ்வளவுதான் கதை. எழுதும்போது அழுதேன், அப்புறம் பசித்தது, ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

நான் படித்த காமக் கதைகளில் என் மாதிரி உடம்பு இல்லவே இல்லை. எல்லோரும் இருபத்தைந்து வயதிலேயே நின்றுவிட்டார்கள், யாருக்கும் முட்டி வலிக்காது, யாரும் மூச்சு வாங்கி ஒரு நிமிடம் பொறு என்று சொல்வதில்லை. எங்கும் கிடைக்காததால் நானே எழுதினேன். பிடித்த படம், புத்தகத்தின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே கதை எழுதும் ரசிகர் புனைவுத் தளங்களிலும் இதைத்தான் பார்க்கிறேன். ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ 2009லிருந்து தன்னார்வலர்கள் நடத்தும் தளம், விளம்பரம் கிடையாது, எழுதுகிறவருக்குக் காசும் கிடையாது. அங்கே வெளிப்படையான பாலியல் கதைகளைத் தனியாக வகைப்படுத்தியே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு வருகிறது. கீழே ‘எனக்காக எழுதிய மாதிரி இருக்கிறது’ என்று முகம் தெரியாத ஒருவர் போடும் ஒரு வரிக்காக ராத்திரி கண்விழித்து எழுதுகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

வரிக்குதிரை எழுதியது:

கங்கு, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். நன்றி. அப்படியே இன்னொன்று கேட்கிறேன், புனைபெயரில் எழுதுகிறவர்கள் வீட்டில் சொல்லியிருக்கிறீர்களா? என் துணைவர் இதைப் படித்தால் ‘இது யார், எங்கே நடந்தது’ என்றுதான் முதலில் கேட்பார் என்று பயமாக இருக்கிறது.

கங்கு எழுதியது:

என் கணவரிடம் சொன்னேன், கதையைக் கொடுக்கவில்லை, இந்த மாதிரி எழுதுகிறேன் என்று மட்டும். அவரும் நீங்கள் சொன்ன கேள்வியைத்தான் முதலில் கேட்டார். நடந்தது இல்லை, நடக்கவேண்டும் என்று நினைத்தது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, படிக்கலாமா என்று கேட்டார்.

பின்னிரவு எழுதியது:

என் வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். தனி மின்னஞ்சல், தனிக் கணக்கு, வேலைக் கணினியில் ஒரு வரிகூட இல்லை. இதை வெட்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னைத் தெரிந்தவர்கள் படித்தால் கதையில் என்னைத்தான் தேடுவார்கள், அதில் வரும் இருவரைப் பார்க்க மாட்டார்கள்.