டிரோன் வந்ததும் போர்க்கப்பல் செத்துவிட்டதா?

கலங்கரை:
"விக்ராந்த் தேவையா" இழையில் தம்பி சுழல்காற்று நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் எழுதியது இது: "மாஸ்க்வாவையே டிரோன் மூழ்கடித்துவிட்டது. கடற்படையே இல்லாத உக்ரைன் ரஷ்யாவின் கருங்கடல் படையை ஓட ஓட விரட்டியது. 20,000 கோடி கொட்டி விமானந்தாங்கிக் கப்பல் கட்டும் காலம் முடிந்தது."

முதல் வரியே தப்பு. ரஷ்யாவின் கருங்கடல் படைத் தலைமைக் கப்பலான மாஸ்க்வாவை மூழ்கடித்தது டிரோன் அல்ல. 2022 ஏப்ரல் 13 அன்று கரையிலிருந்து ஏவிய இரண்டு நெப்டியூன் ஏவுகணைகள் தாக்கின. மறுநாள் இழுத்துப் போகும் வழியில் மூழ்கியது. நெப்டியூன் என்பது சோவியத் காலத்து கே.எச்-35 ஏவுகணையை அடிப்படையாக வைத்து உக்ரைன் செய்தது. ஏவுகணையால் கப்பலை மூழ்கடிப்பது 1967-லேயே நடந்துவிட்டது, எகிப்தின் சிறு படகுகள் இஸ்ரேலின் ஐலாத் போர்க்கப்பலை முடித்தபோது. இதில் என்ன புதுயுகம்?

சுழல்காற்று:
கலங்கரை அண்ணன் வந்துவிட்டார், இனி யாருக்கும் தூக்கம் இல்லை. அந்த இரவு பைரக்தார் டிரோன் சுற்றிவந்து கப்பலின் கவனத்தைத் திருப்பியது என்று எத்தனை பேர் சொன்னார்கள்? அதைத்தான் எழுதினேன்.

சரி, அது வேண்டாம். 2024 பிப்ரவரி 1 அதிகாலை கிரிமியாவின் தொனுஸ்லாவ் பக்கம் இவானொவெத்ஸ் என்ற ரஷ்யப் போர்க்கப்பல் மூழ்கியதே, அந்தக் காணொளியைப் பார்த்தீர்களா? அடித்தது உக்ரைனின் மகுரா வி5 படகு. நீளம் 5.5 மீட்டர். உள்ளே ஆள் கிடையாது. ஒன்று கப்பலின் பின்புறத்தில் மோதி ஓட்டத்தை நிறுத்துகிறது. இன்னொன்று விலாவில் ஓட்டை போடுகிறது. அடுத்தது அந்த ஓட்டையைக் குறிவைத்தே வருகிறது. கப்பலிலிருந்து சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள், தண்ணீர்தான் தெறிக்கிறது. பிப்ரவரி 14-ல் சீசர் குனிகோவ். மார்ச் 5-ல் செர்கேய் கோத்தவ். ஐந்து வாரத்துக்குள் மூன்று கப்பல். இதுவும் 1967-ல் வந்ததா?

கலங்கரை:
நான் கேட்டது மாஸ்க்வா. பதில் வந்தது இவானொவெத்ஸ். "எத்தனை பேர் சொன்னார்கள்" என்பது ஆதாரம் ஆகாது. பைரக்தார் கதையை இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

மாஸ்க்வா மூழ்குமுன் எடுத்த படம் ஒன்று வெளிவந்தது. கப்பல் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, நடுப்பகுதி முழுக்கக் கரி, நீர்மட்டத்தை ஒட்டி ஓட்டை. நான் சரக்குக் கப்பலில் இயந்திரப் பிரிவில் இருந்தவன். உள்ளே வந்த தண்ணீரைப் பம்பு வெளியேற்றவில்லை, தீயை யாரும் ஓர் அறைக்குள் அடைக்கவில்லை என்று அந்தப் படத்தைப் பார்த்ததுமே எனக்குப் பட்டது. 1983-ல் பணிக்கு வந்த கப்பல். எஸ்-300, ஓசா என்று வானத்தைக் காக்க ஏவுகணைகள் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. ஆக, அது பழைய கப்பலும் பயிற்சி போதாத ஆட்களும் சேர்ந்து தோற்றது. பெரிய கப்பல் என்ற இனமே தோற்றதாக இதை வைத்து எழுதுவது அபத்தம்.

கணக்குப்பிள்ளை:
மாஸ்க்வாவை எது மூழ்கடித்தால் என்ன? பணத்தைப் பாருங்கள். செங்கடலில் ஏமனின் ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் அனுப்பும் டிரோன் ஒன்றின் விலை சில பத்தாயிரம் டாலர் இருக்கும். அதை வீழ்த்த அமெரிக்கக் கப்பல் ஏவும் எஸ்.எம்-2 ஏவுகணை ஒன்று ஏறக்குறைய 20 லட்சம் டாலர். கப்பலில் ஏவுகணைக் குழாய் எத்தனை இருக்கிறதோ அத்தனை தடவைதான் சுட முடியும், தீர்ந்ததும் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும். எந்த நாட்டுப் பட்ஜெட் இதைத் தாங்கும்?

கலங்கரை:
வாருங்கள் கணக்குப்பிள்ளை. போன வருடம் டாங்கி இழையிலும் இதே கணக்கைப் போட்டு, பாதியில் காணாமல் போனவர்தானே நீங்கள்? 20 லட்சம் டாலர் ஏவுகணை காப்பாற்றுவது டிரோனை அல்ல, நூறு கோடி டாலருக்கு மேல் பெறும் கப்பலையும் அதிலிருக்கும் முந்நூறு பேரையும். ஐசனோவர் விமானந்தாங்கி மாதக்கணக்கில் அங்கே நின்று 2024-ல் பத்திரமாக ஊர் திரும்பியது. ஹூத்திகள் மூழ்கடித்த ரூபிமார், டியூட்டர் எல்லாம் சரக்குக் கப்பல்கள்.

மாஸ்க்வாவை மூழ்கடித்தது எது என்பது முக்கியம். அடிப்படையையே தப்பாகச் சொன்னவர் மேலே கட்டும் மாடி நிற்காது.

கணக்குப்பிள்ளை:
காணாமல் போகவில்லை. வீட்டில் ஆஸ்பத்திரி வேலை இருந்தது. அதையும் அப்போதே சொல்லியிருந்தேன். உங்களுக்கு ஆளை அடித்தால்தான் வாதம் ஓடும்.

நெய்தல் (திருகோணமலை):
கலங்கரை அண்ணா, சிறு படகு பெரிய கப்பலை அடிப்பதைப் புதுக்கதை போலவும் பழங்கதை போலவும் மாறி மாறிக் கதைக்கிறீர்கள். எங்கள் ஊர்த் துறைமுகத்தில் 1995 ஏப்ரல் 19 அன்று சூரயா, ரணசுறு என்ற இரண்டு பீரங்கிப் படகுகளைக் கடற்புலிகளின் சுழியோடிகள் மூழ்கடித்தார்கள். அதோடு பேச்சுவார்த்தை முறிந்து அடுத்த யுத்தம் தொடங்கியது. பிறகு வெடிமருந்துப் படகுகள் கூட்டமாக வந்தன. இலங்கைக் கடற்படை கடைசியில் என்ன செய்தது? பெரிய கப்பலை மட்டும் நம்பாமல் அம்புப் படகு என்ற சிறு படகுகளைத் தானே நூற்றுக்கணக்கில் கட்டி, அதே முறையில் கூட்டமாக இறக்கியது. எதிரியைப் பார்த்துப் படித்தவர்கள் தப்பினார்கள். ரஷ்யர்கள் கிரிமியாவில் தங்கள் கடற்படைத் தளமான செவஸ்தபோலில் அதைப் படிக்க நெடுநாள் எடுத்தார்கள். 2022 அக்டோபர் 29-லேயே ஆளில்லாப் படகுகள் அங்கே புகுந்து அடித்தன. அதற்குப் பிறகும் கப்பல்களைத் துணையில்லாமல் நிறுத்தி வைத்தது யார் குற்றம்?

பாரதப்புத்திரன்:
ஆரம்பித்துவிட்டீர்களா? எந்த இழையைத் திறந்தாலும் ஈழத்தைக் கொண்டுவந்து செருகுவது. இது நாட்டுப் பாதுகாப்பு பற்றிய இழை.

நெய்தல்:
எங்கள் சனம் அந்தக் கடலோரத்தில் உயிரோடும் பிணமாகவும் கிடந்தது. நான் யாரையும் புகழவில்லை, நடந்ததைச் சொன்னேன். உலகக் கடற்படைகள் இதைப் பாடமாகவே படிக்கின்றன. உங்களுக்குப் பிடிக்காவிட்டால் வாசிக்காமல் கடந்து போங்கள்.

பாரதப்புத்திரன்:
கடந்துதான் போகிறேன். மட்டுறுத்துநர் கவனத்துக்கு.

சுழல்காற்று:
நெய்தல் அக்கா சொன்னதுதான் என் வாதமும். அண்ணனுக்கு மட்டும் விளங்காது. உக்ரைன் தானியத்தைக் கடல்வழி போகவிடும் ஒப்பந்தத்திலிருந்து 2023 ஜூலை 17-ல் ரஷ்யா விலகியது. ஆகஸ்டில் உக்ரைன் தானே ஒரு கடல்வழி திறந்தது. ஒடெசாவிலிருந்து கோதுமை போனது. ரஷ்யக் கப்பல்கள் கிரிமியாவை விட்டு ரஷ்யத் துறைமுகமான நொவரசீஸ்க் வரை பின்வாங்கிவிட்டதால்தான் அது நடந்தது. எந்தப் பெரிய கப்பலை வைத்து உக்ரைன் இதைச் சாதித்தது? கடற்படையே இல்லாத நாடு!

கலங்கரை:
மறுபடியும் "கடற்படையே இல்லாத நாடு". இருந்தது தம்பி. அதன் தலைமைக் கப்பல் ஹெத்மான் சகாய்தாச்னி மைக்கொலாயிவில் பழுதுபார்ப்பில் நின்றது. ரஷ்யர் கையில் சிக்கக்கூடாது என்று போர் தொடங்கியதும் அவர்களே அதை மூழ்கடித்தார்கள். அதே ஊர்க் கட்டுதளத்தில்தான் மாஸ்க்வாவும் கட்டப்பட்டது. இதெல்லாம் தெரியாமல் எழுதக்கூடாது.

நொவரசீஸ்குக்கு ஏன் ஓடினார்கள்? 2023 செப்டம்பர் 13-ல் செவஸ்தபோல் உலர்துறையில் நின்ற ரஸ்தோவ் நீர்மூழ்கியையும் மின்ஸ்க் கப்பலையும் அடித்தது ஸ்டார்ம் ஷாடோ. அது ஏவுகணை. செப்டம்பர் 22-ல் கடற்படைத் தலைமையகத்தை அடித்ததும் ஏவுகணை. மாஸ்க்வாவை அடித்ததும் ஏவுகணை.

இன்னொன்று, யாரும் வாயே திறக்கவில்லை. 2022 பிப்ரவரி கடைசியில் துருக்கி, 1936-ம் ஆண்டு மோன்த்ரூ ஒப்பந்தப்படி கருங்கடலுக்குள் நுழையும் நீரிணைகளைப் போர்க்கப்பல்களுக்கு மூடிவிட்டது. மாஸ்க்வாவின் உடன்பிறப்புகள் வர்யாகும் மார்ஷல் உஸ்தினோவும் அப்போது மத்தியதரைக் கடலில் நின்றன. உள்ளே வர முடியவில்லை. போன கப்பலுக்குப் பதில் கப்பல் வராத மூடிய கடல் அது. அந்தப் பாடத்தை அப்படியே தூக்கி இந்தியப் பெருங்கடலில் வைக்கிறீர்களே, இங்கே எந்தக் கதவை யார் மூடப் போகிறார்கள்?

பாலாறு:
நல்ல கேள்வி. ஆனால் எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. அந்த ஆளில்லாப் படகுகள் செயற்கைக்கோள் இணைப்பில் ஓடுபவை. 2022-ல் கிரிமியா பக்கம் தன் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்கைத் திறந்துவிடக் கேட்டபோது மறுத்ததாக எலான் மஸ்க்கே சொன்னார். ஒரு நாட்டின் தாக்குதல் ஒரு வெளிநாட்டு வியாபாரியின் சம்மதத்தில் நிற்கிறது. இதை யாரும் பேசாமல், செத்துப்போன ஒரு கப்பலைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்.

கலங்கரை:
செத்துப்போன கப்பலைப் பற்றிப் பொய் எழுதியவர் அதை வாபஸ் வாங்கட்டும், பிறகு உங்கள் செயற்கைக்கோளுக்கு வருகிறேன்.

சுழல்காற்று:
வாங்க மாட்டேன். டிரோன் கவனத்தைத் திருப்பவில்லை என்று உங்களாலும் நிரூபிக்க முடியாது. ஏவுகணைதான் அடித்தது என்பதையே ரஷ்யா ஒப்புக்கொள்ளவில்லை, கப்பலில் தீப்பிடித்து வெடிமருந்து வெடித்தது என்றுதான் சொன்னது. அதை நம்புகிறீர்களா?

கலங்கரை:
நிரூபிக்க வேண்டியது சொன்னவர் பொறுப்பு. நான் ரஷ்யா சொன்னதை எங்கே ஆதரித்தேன்? அந்த வரியைக் காட்டுங்கள்.

சிறு படகின் அருமை எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். டிசம்பர் 4 எதற்காகக் கடற்படை தினம்? 1971-ல் நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சி வாசலில் கைபர் என்ற பாகிஸ்தான் போர்க்கப்பலை மூழ்கடித்த நாள் அது. ஆனால் அந்தப் படகுகள் தனியாகப் போகவில்லை. கில்தான், கச்சால் என்ற பெரிய போர்க்கப்பல்கள் கூடவே போயின. அதே நாள் வங்கக் கடலில் பழைய விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. படகும் வேண்டும், விமானந்தாங்கியும் வேண்டும்.

சுழல்காற்று:
ஆக 1971-ல் நம் சிறு படகு செய்தால் வீரம், கடற்படை தினம். 2024-ல் உக்ரைன் படகு செய்தால் பழைய கப்பல், பயிற்சி போதாத ஆட்கள். மூன்று படகு கராச்சி வாசலில் கைபரை மூழ்கடித்ததை நீங்களே எழுதிவிட்டு, விக்ராந்தை இடையில் நுழைக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
2024 அக்டோபரில் மாதங்கி என்ற ஆளில்லாப் படகை மும்பையிலிருந்து தூத்துக்குடிக்கு 1,500 கிலோமீட்டர் பயணமாக நம் கடற்படையே அனுப்பியது. கடற்படைக்குப் புரிந்தது இந்த இழைக்குப் புரியவில்லை.

கலங்கரை:
அதே கடற்படைதான் மூன்றாவது விமானந்தாங்கியும் வேண்டும் என்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? உங்களுக்கு வேண்டியதை மட்டும் பொறுக்குவது டாங்கி இழையிலிருந்தே பழக்கம்.

கணக்குப்பிள்ளை:
டாங்கி இழையை மறுபடி இழுத்தால் நானும் உங்கள் பழைய பதிவுகளை எடுத்து ஒட்டுவேன். அஜர்பைஜானுடன் நடந்த போரில் அர்மீனியாவின் டாங்கிகளை 2020-ல் எது எரித்தது என்று கேட்டதற்கு அன்று நீங்கள் எழுதிய பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கலங்கரை:
ஒட்டுங்கள். முழுசாக ஒட்டுங்கள், பாதியை வெட்டிவிட்டு அல்ல.