கிட்டார் பிரிட்ஜ் ஓட்டை போடுறதுக்கு முன்னாடி
குழு: நம்ம வீட்டுப் பட்டறை

சனிக்கிழமை

பிரவீன் 7:42
சித்தப்பா, கிட்டார் கிட் பிரிச்சாச்சு. பாடி பாஸ்வுட், கழுத்து மேப்பிள், போல்ட் போட்டு மாட்டுற வகை. கழுத்துக்கும், பாடி மேல ஸ்ட்ரிங்கைத் தாங்குற பிரிட்ஜுக்கும் ஓட்டை போட்டு வரல. ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங் அதிர்ற நீளம், 648 மி.மீ.ன்னு தாள்ல இருக்கு. நட்டுலேர்ந்து (கழுத்து மேல்முனையில ஸ்ட்ரிங் உட்கார்ற காடிப் பட்டை) 648 அளந்து பிரிட்ஜைத் திருகிடவா?

செல்வம் 7:50
வேண்டாம்டா. தாளை விடு, கழுத்தை அள. நட்டோட ஃப்ரெட் பக்க விளிம்புலேர்ந்து 12ஆம் ஃப்ரெட் (கழுத்துக்குக் குறுக்கே பதிச்ச கம்பி) முகட்டு நடு வரைக்கும் எவ்வளவு?

பிரவீன் 7:54
324

செல்வம் 7:56
அதோட ரெண்டு மடங்குதான் ஸ்கேல், அப்போ 648 சரிதான். 314 வந்திருந்தா அது 628 ஸ்கேல் கழுத்து. கிட்ல கழுத்து மாறி வர்றது உண்டு.

செல்வம் 7:57
ஆனா பிரிட்ஜ் தகட்டை 648ல வைக்கக் கூடாது. 1ஆம் ஸ்ட்ரிங் சேடிலை (பிரிட்ஜ்ல அந்த ஸ்ட்ரிங் உட்கார்ற துண்டு) நட் பக்கமா முன்னாடி தள்ளு, இன்னும் 1 மி.மீ. மட்டும் முன்னாடி போக இடம் இருக்கணும். அந்தச் சேடில்ல ஸ்ட்ரிங் உட்கார்ற புள்ளி 648ல வரட்டும்.

பிரவீன் 8:01
ஏன் அவ்வளவு முன்னாடி? நடுவுல வச்சா ரெண்டு பக்கமும் இடம் இருக்குமே.

செல்வம் 8:06
முன்னாடி இடம் தேவையே படாது. ஸ்ட்ரிங்கை ஃப்ரெட்ல அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபடும், சுருதி ஏறும். அதை ஈடுகட்ட சேடில் பின்னாடிதான் போகணும். 1ஆம் ஸ்ட்ரிங்குக்கு 1.5, 2 மி.மீ. போதும். 6ஆவது தடிமனா விறைப்பா இருக்கும், அதுக்கு 4, 5 மி.மீ. வேணும். நடுவுல வச்சேன்னா 6ஆவதுக்குப் பின்னாடி இடம் பத்தாமப் போகலாம். அப்போ பழைய ஓட்டையை அடைச்சு மறுபடி துளைக்கணும், பாஸ்வுட்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை நிக்காது.

யாழினி 8:10
அப்பா, நூல் விஷயத்தையும் சொல்லுங்க. அளவு சரியா இருந்தும் பிரிட்ஜ் பக்கவாட்டுல தள்ளிப் போறதுதான் அதிகம்.

செல்வம் 8:18
அதுதான் வரப்போகுது. கழுத்தைக் குழியில வச்சு கிளாம்ப் போடு. அடியில சிலும்பு, பெயின்ட் சொட்டு இருந்தா முதல்ல சீவிடு. பிரிட்ஜை ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்ல ஒட்டு. 1ஆவது, 6ஆவது பிருடைல (ஸ்ட்ரிங் முறுக்குற ஆணி) நூல் கட்டி, நட் காடி வழியா இழுத்து, அந்தந்த சேடில் மேல போட்டுப் பின்னாடி டேப் போடு. இப்போ கடைசி ஃப்ரெட்ல பாரு. நூலுக்கும் ஃப்ரெட் பலகை விளிம்புக்கும் உள்ள இடைவெளி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4ன்னா 1ஆம் ஸ்ட்ரிங் வாசிக்கும்போதே வழுக்கி விழும்.

செல்வம் 8:19
சரி பண்ண பிரிட்ஜை நகர்த்து. குழியில கழுத்துக்குக் கொஞ்சம் ஆட்டம் இருந்தா அதையும் திருப்பிப் பாரு. ரெண்டும் ஒத்துப்போன பிறகுதான் டிரில்லைத் தொடணும்.

பிரவீன் 8:47
நூல் ரெண்டு பக்கமும் 3 மி.மீ. கழுத்தைத் துளைக்கலாமா? ஸ்க்ரூ 4.2 தடிமன், 45 நீளம்.

செல்வம் 8:55
பாடியில 4.5 பிட். ஸ்க்ரூ கையால தள்ளினாலே வழுக்கிப் போகணும், பாடி மரத்துல மரை பிடிக்கவே கூடாது. பிடிச்சா, எவ்வளவு இறுக்கினாலும் கழுத்துக்கும் குழிக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி நிக்கும். அதுல சேடில் உயரம், சுருதி எல்லாம் ஆடும்.

செல்வம் 8:58
பாடி ஓட்டை வழியா 4.5 பிட்டைக் கையால திருகி கழுத்துல புள்ளி போடு. கழுத்துக்கு 3.2 பிட். ஆழம் கணக்குப் போடு: பாடி தடிமன் 45, குழி ஆழம் 16, மிச்சம் 29. பின் தகடு கிட்டத்தட்ட 2. 45 நீள ஸ்க்ரூல கழுத்துக்குள்ள போறது 14. 16 மி.மீ. ஆழத்துல பிட்ல டேப் சுத்திக்கோ. கழுத்து அடிப்பகுதி மொத்தமே 25தான், விட்டுட்டா பிட் ஃப்ரெட் பலகையைப் பொத்துக்கிட்டு மேல வரும்.

யாழினி 9:00
உன் பாடியை அளந்துட்டு இந்தக் கணக்கைப் போடு. எல்லாக் கிட்டும் 45 இல்ல.

செல்வம் 9:03
ஆமா. ஸ்க்ரூவுக்கு மெழுகு தடவு, சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்கும். மேப்பிள்ல மெழுகு இல்லாமத் திருகினா தலை முறியும்.

ராஜி அத்தை 9:20
நடுவுல ஒரு கேள்வி செல்வம். இங்க இருக்கிற அக்கூஸ்டிக் கிட்டார்ல பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கியிருக்கு. ஒரு தாள் உள்ள போகுது. சூப்பர் குளூ விட்டு அமுக்கிடலாமா?

செல்வம் 9:26
வேண்டாம்க்கா. ஸ்ட்ரிங்கை இப்பவே தளர்த்திடுங்க. ஸ்டீல் ஸ்ட்ரிங் ஆறும் சேர்ந்து 70 கிலோ பக்கம் இழுக்குது, அப்படியே விட்டா மேல்பலகை இழையைப் பிய்ச்சுக்கிட்டு வரும். பழைய பசை மேல மரப்பசை சரியாப் பிடிக்காது. பிரிட்ஜை மட்டும் சூடாக்கி, மெல்லிய கத்தியை இழை போற திசையில விட்டு முழுசாக் கழட்டணும். ரெண்டு முகத்தையும் வெறும் மரம் தெரியறவரை சுரண்டணும். பிரிட்ஜ் விளிம்புக்கு அடியில வார்னிஷ் இருந்தா அதையும்.

செல்வம் 9:29
மஞ்சள் மரப்பசை மெல்லிசாத் தடவி, உள்பக்கம் குறுக்குச் சட்டங்களுக்கு இடையில பொருந்துற மாதிரி ஒரு கட்டை வச்சு, மூணு கிளாம்ப். வழியற பசையை ஈரத்துணியால துடைச்சிடுங்க. 24 மணி நேரம் தொடாதீங்க. சூப்பர் குளூ போட்டா அடுத்த தடவை சுத்தமாக் கழட்டவே முடியாது.

ராஜி அத்தை 9:31
சரி, தளர்த்திட்டேன். கழட்டுறதை நீயே வந்து பண்ணு.

பிரவீன் 11:15
பிரிட்ஜ் ஸ்க்ரூவுக்கு ஓட்டை போடப் போறேன்.

யாழினி 11:16
நில்லு. பிரிட்ஜுக்கு அடியிலேர்ந்து, வால்யூம், டோன் குமிழ் இருக்கிற கன்ட்ரோல் குழிக்கு எர்த் ஒயர் போக ஓட்டை இருக்கா? இல்லைன்னா அதை முதல்ல போடு. ஒயர் நுனியை உரிச்சுத் தகட்டுக்கு அடியில விரிச்சு வச்சுத் திருகினாப் போதும், சால்டர் தேவையில்ல. அடியில வார்னிஷ் ஒட்டியிருந்தா சுரண்டிடு.

பிரவீன் 11:20
நல்லவேளை கேட்டீங்க. ஓட்டை இல்ல.

யாழினி 11:27
பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை மின்சிக்னலா மாத்துற காயில்) என்ன? ரெட்டைக் காயில் ஹம்பக்கர் ரெண்டுன்னா 500 கே ஓம் பாட் (குமிழ் திருப்புற தடை), டோனுக்கு 0.022 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். சிங்கிள் காயில்னா 250 கே, 0.047. பாட் முதுகுல சால்டர் பிடிக்க உப்புத்தாளால தேய்ச்சிட்டு, 60 வாட் சால்டரிங் இரும்பு, அகலமான முனை. 25 வாட்ல ரொம்ப நேரம் பிடிச்சா உள்ள இருக்கிற கார்பன் தடம் கருகும். குழியில காப்பர் டேப் ஒட்டினா, ஜாக்கோட சிக்னல் முனை அதுல இடிக்காமப் பாரு. இடிச்சா சத்தமே வராது, எல்லாரும் பிக்கப்பைத்தான் சந்தேகப்படுவாங்க.

யாழினி 11:30
முடிச்சதும் மல்டிமீட்டர்ல பிரிட்ஜுக்கும் ஜாக் எர்த்துக்கும் பாரு. பூஜ்யம் ஓம் பக்கம் வரணும். ஜாக்கைத் தொட்டா இரைச்சல் குறைஞ்சு, ஸ்ட்ரிங்கைத் தொட்டா குறையலைன்னா அந்த ஒயர்தான் விட்டிருக்கு.

செல்வம் 11:41
எல்லா ஓட்டையும் போட்டு, ஒருதடவை முழுசா மாட்டிப் பார்த்துட்டுக் கழட்டு. அதுக்கப்புறம்தான் பெயின்ட். கழுத்துக் குழிக்கு டேப் போட்டு மூடு. உள்ள பெயின்ட் ஏறினா கழுத்து இறுகி, ஓரத்துல வெடிக்கும்.

பெயின்ட் காய்ஞ்ச பிறகு

பிரவீன் 6:10
மாட்டியாச்சு, 10-46 தடிமன் ஸ்ட்ரிங். சேடில் எல்லாம் அடிமட்டத்துல இருக்கு, அப்பவும் 12ஆம் ஃப்ரெட்ல ஸ்ட்ரிங் 2.6 மி.மீ. உயரம்.

செல்வம் 6:18
முதல்ல கழுத்து வளைவைப் பாரு. சுருதி சேர்த்த நிலையில 6ஆம் ஸ்ட்ரிங்கை 1ஆம் ஃப்ரெட்லயும், கழுத்து பாடியில சேர்ற ஃப்ரெட்லயும் அழுத்து, 7ல இடைவெளி எவ்வளவு?

பிரவீன் 6:22
0.2 மி.மீ. தகடு போகுது, 0.25 மாட்டுது.

செல்வம் 6:27
வளைவு சரிதான், ட்ரஸ் ராடைத் (கழுத்துக்குள்ள வளைவைச் சரிபண்ற கம்பி) தொடாதே. கழுத்துக் கோணம்தான் பிரச்சினை. குழியோட பிரிட்ஜ் பக்க ஓரத்துல 0.25 மி.மீ. தகடு ஒண்ணு வை. சேடில் பக்கம் 0.8 மி.மீ. அளவுக்கு உயர்த்த இடம் கிடைக்கும். 12ல 6ஆவது 1.8, 1ஆவது 1.5க்குக் கொண்டுவா. கடைசியாத்தான் சேடிலை முன்பின் நகர்த்தணும், உயரம் மாறினா அது மறுபடி கலையும்.

பிரவீன் 7:35
உயரம் வந்திடுச்சு. 12ல அழுத்தினா 6ஆவது இன்னும் 8 சென்ட் (அரை சுரத்துல நூறுல ஒரு பங்குதான் ஒரு சென்ட்) மேல. சேடில் பின்னாடி நகரல, ஸ்பிரிங் முழுசா அமுங்கிடுச்சு.

செல்வம் 7:38
ஸ்பிரிங்கைக் கழட்டி மூணு சுத்து வெட்டிட்டு மாட்டு. சேடில் லொடலொடன்னு ஆடாம இருந்தாப் போதும்.

பிரவீன் 7:52
இப்போ 1 சென்ட்டுக்குள்ள நிக்குது.