குழியானையின் குழி எப்படி இவ்வளவு ஒழுங்காக அமைகிறது?

விடுதிவாசி:

எங்கள் கல்லூரி விடுதியின் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே மழை படாத ஒரு முழ அகல மணல் பட்டை இருக்கிறது. துணி காயப்போடப் போனபோது அங்கே புனல் வடிவக் குழிகளை எண்ணினேன்; 23 இருந்தன. சிறுவயதில் ஈர்க்குச்சியால் கிளறிக் குழியானையை வெளியே எடுத்து, உள்ளங்கையில் விட்டு, அது பின்னோக்கியே ஊர்வதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் ஒரு குழியின் அருகில் அரை மணி நேரம் குந்தியிருந்து பார்த்தது இதுவே முதல் முறை. விளிம்பில் கால் வைத்த ஓர் எறும்பு சறுக்கி இறங்கியது. அது ஏற முயன்றபோதெல்லாம் அடியிலிருந்து மணல் தெறித்து வந்தது. நான்காவது முயற்சியில் எப்படியோ தப்பிவிட்டது. அப்போதிலிருந்து இதே நினைவாக இருக்கிறேன். குழிகள் சிறிதும் பெரிதுமாக இருந்தாலும் எல்லாவற்றின் சரிவும் ஒன்றுபோல் இருப்பது ஏன்? இவ்வளவு சீரான வட்டத்தை அந்தப் பூச்சி எப்படிப் போடுகிறது? வளர்ந்தபின் அது என்னவாகிறது?

கட்டடப் பொறியியல் மாணவர்:

சரிவைப் பற்றி மட்டும் என்னால் சொல்ல முடியும். உலர்ந்த மணலைக் கைப்பிடியிலிருந்து மெதுவாகக் கொட்டிப் பாருங்கள். எவ்வளவு கொட்டினாலும் குவியல் உயர்ந்து அகலுமே தவிர, அதன் சரிவு ஏறத்தாழ 30 முதல் 35 பாகையைத் தாண்டி நிற்காது. தாண்டினால் மணல் தானே வழிந்து பழைய சரிவுக்கே வந்துவிடும். குழியானை செய்வதெல்லாம் அந்த எல்லையை ஒட்டியே குழியை வைத்திருப்பதுதான். ஆகவே எறும்பின் சிறு எடைகூட அங்கே மணலைச் சரியவைக்கப் போதுமானது. ஒரே மணலில் தோண்டப்பட்டதால்தான் உங்கள் 23 குழிகளும் ஒரே சரிவில் இருக்கின்றன. அது மணலை வீசுவது எறும்பை அடித்து வீழ்த்துவதற்காக என்று நினைக்கிறேன்.

பழைய விலங்கியல் மாணவர்:

எறும்பின் மேல் மணல் படுவதும் உண்டு. ஆனால் அடியிலிருந்து மணலை அள்ளி வீசும்போது சரிவின் அடிப்பிடிமானம் குலைந்து, எறும்பு நிற்கும் மணலே கீழே சரிகிறது என்பதுதான் முக்கியம்.

வட்டத்திற்கு வருகிறேன். குழியானை முதலில் வெளிவட்டமாகப் பின்னோக்கி உழுதுகொண்டே போய், தட்டையான தலையால் மணலை வெளியே எற்றி, சுருளாக உள்நோக்கி இறங்குகிறது. இவ்வாறு தோண்டும்போது பருமணல் வெளியே போய், நுண்மணல் உட்சுவரில் படிகிறது. நுண்மணல் எளிதில் வழுக்கும் என்பதால் பொறி மேலும் கூர்மையாகிறது. அடுத்த முறை விரல் நுனியால் உட்சுவரைத் தொட்டு, வெளியே உள்ள மணலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அகப்பட்ட எறும்பை அரிவாள் போன்ற இரு தாடைகளால் கவ்வி, அவற்றில் உள்ள குழல் வழியாகச் சாற்றை உறிஞ்சிவிட்டு, வெறும் தோலைக் குழிக்கு வெளியே எறிந்துவிடும்.

எனக்கு இன்றும் வியப்பளிப்பது வேறொன்று. குழியானையின் குடல் பின்புறம் திறந்திருப்பதில்லை. ஓராண்டுக்கு மேலும் நீளக்கூடிய இளம்புழுப் பருவம் முழுவதும் திடக்கழிவை உடலுக்குள்ளேயே அடக்கி வைத்திருந்து, சிறகு முளைத்து வெளிவந்த பிறகே அதைக் கழிக்கிறது. அதற்கு முன் மணல் துகள்களைப் பட்டிழையால் பிணைத்து உருண்டையான கூடு கட்டி, அதனுள் கூட்டுப்புழுவாகிறது. வளர்ந்த பூச்சியைப் பலரும் தட்டான் என்றே நினைத்துவிடுகிறார்கள். தட்டானின் உணர்கொம்புகள் மயிர் போலச் சிறியவை. இதற்கோ நுனி தடித்து நீண்டிருக்கும். உட்காரும்போது சிறகுகளைக் கூரை போல உடலின் மேல் மடித்துக்கொள்ளும்.

விடுதிவாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை உட்சுவர் மணலைத் தொட்டுப் பார்த்தேன். மாவு போல இருந்தது. வெளி விளிம்பில் கடுகளவுப் பருக்கைகளும், உலர்ந்த எறும்புத் தோல்கள் இரண்டும் கிடந்தன. சென்ற வாரம் இரவு, படிப்பறை விளக்கைச் சுற்றித் தள்ளாடிப் பறந்த ஒரு பூச்சியைத் தட்டான் என்றெண்ணி விரட்டினேன். இன்றிரவு விளக்கை எரியவிட்டு, அதன் உணர்கொம்புகளைப் பார்க்கக் காத்திருக்கப் போகிறேன்.