பத்து நொடிக்கு ஒருமுறை உடையும் படம்: கேபிள் மறையாக்க அனுபவங்கள்

சந்தா கட்டியவருக்கு மட்டும் படம் தெரியும்படி சேனலைப் பூட்டி அனுப்புவதுதான் மறையாக்கம். அப்படிப் பூட்டி அனுப்பும் நிலையம் ஹெட்எண்ட். கேபிள் வேலையில் இருப்பவர்கள் சிலர் புனைபெயரில் இங்கே பேசுகிறார்கள்.

ஹெட்எண்ட் இரவுப்பணி:
புது விளையாட்டுச் சேனல், அதைப் பூட்டப் புது ஸ்க்ராம்ப்ளிங் செஷன். இசிஎம் (பூட்டைத் திறக்கும் சாவியை மறைத்துப் பாக்ஸுக்குக் கொண்டுபோகும் செய்தி) ஓடத் தொடங்கியது, எச்சரிக்கை ஏதும் இல்லை, கட்டுப்பாட்டு அறை டிவியில் படம் துல்லியம். சற்று நேரத்தில் ஒரு கேபிள்காரர் அழைத்தார்: "சார், பந்து வீச ஓடி வருகிறார், கை மேலே போகிறது, படம் உடைகிறது. தெளியும்போது பந்து கீப்பர் கையில்." அவர் கடைக்கே போய்க் கைக்கடிகாரத்தோடு நின்றேன். சில நொடி ஒழுங்காக ஓடும், பிறகு கட்டம் கட்டமாகச் சிதறும், சரியாகப் பத்து நொடிக்கு ஒருமுறை. பக்கத்திலிருந்த புது மாடல் பாக்ஸில் ஒரு குறையும் இல்லை. எங்களிடம் கண்ட்ரோல் வேர்ட், அதாவது அந்தச் சாவி, மாறுவது பத்து நொடிக்கு ஒருமுறை. பழைய ஸ்மார்ட் கார்டு இசிஎம்மைப் பிரித்துப் புதுச் சாவியை எடுத்துத் தருவதற்குள் ஸ்க்ராம்ப்ளர் அந்தச் சாவிக்கு மாறிவிடுகிறது. இசிஎம்மை முன்கூட்டி அனுப்பும் நேரத்தைக் கூட்டியதும் சரியாயிற்று. மற்ற எல்லாச் சேனலிலும் ஒழுங்காக இருந்த அந்த மதிப்பை இந்த ஒரு செஷனில் மட்டும் யார் குறைத்தார்கள்? இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

கார்டு கணக்கு:
நம்ப முடியவில்லை. ஒரே இசிஎம்மில் நடப்புச் சாவி, அடுத்த சாவி இரண்டும் சேர்ந்துதானே வரும்? அடுத்ததைப் பிரிக்கக் கார்டுக்கு முழுதாகப் பத்து நொடி இருக்கிறது. கார்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஹெட்எண்ட் இரவுப்பணி:
உங்கள் சிஸ்டத்தில் இரண்டு வரலாம். எங்களுடையதில் ஒன்றுதான். கார்டு மேல் பழி போட்டுத்தான் முதல் நாள் முழுவதும் வீணாயிற்று.

தெருமுனை கேபிள்:
நீங்கள் இசிஎம்மோடு மல்லுக்கட்டுகிறீர்கள், எங்கள் உயிரை எடுத்தது இஎம்எம், எந்தக் கார்டுக்கு எந்தச் சேனல் என்று சொல்லும் அனுமதிச் செய்தி. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதுக் கட்டண முறை வந்ததும் ஊரே சேனல் பட்டியலை மாற்றியது. ஒரு பாட்டி வீட்டில் மட்டும் கேட்ட சேனல் திறக்கவே இல்லை. அலுவலகத்தில் கேட்டால், "அனுப்பிவிட்டோம்" என்ற ஒரே பதில். நேரில் போனபிறகுதான் தெரிந்தது, அவர் சீரியல் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் சுவரிலுள்ள சுவிட்சையே அணைத்துவைக்கிறார். அணைந்து கிடக்கும் பாக்ஸுக்கு இஎம்எம் எப்படிப் போய்ச் சேரும்? மறுபடி அனுப்பச் சொல்லிவிட்டு, "சந்தா இல்லை" என்ற எழுத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். படம் வந்தது. உடனே எழுந்து சுவிட்சை அணைத்தார். "சீரியல் எட்டு மணிக்குத்தானே தம்பி."

ரீமக்ஸ் ராத்திரி:
எங்கள் கதை சின்னது. தலைமை நிலையத்திலிருந்து வந்த சேனலை எங்கள் ஊர் ஹெட்எண்டில் ரீமக்ஸ் செய்தபோது (மறுபடி தொகுத்தபோது) இசிஎம்மின் பிஐடி, அதாவது அடையாள எண், மாறியது, ஒரு சேனலில் எது எந்த எண்ணில் வருகிறது என்று சொல்லும் பட்டியலான பிஎம்டிக்குள் பழைய எண்ணே இருந்தது. சாவி இல்லாத இடத்தில் பாக்ஸ் அதைத் தேடியது, ஊர் முழுக்கக் கறுப்புத் திரை.

தொகுத்தவர்:
இதைப் படிக்கும் புதியவர்களுக்குச் சில விஷயங்கள். படம் வரவில்லை என்றதும் கார்டை மாற்றாதீர்கள். சிக்னலை ஆராயும் அனலைசரில் முதலில் பிஎம்டியைத் திறந்து, அது சொல்லும் பிஐடியில் இசிஎம் உண்மையிலேயே ஓடுகிறதா என்று பாருங்கள். எல்லாச் சேனலிலும் சந்தா சிக்கல் என்றால் சிஏடி என்ற பட்டியல் பக்கம் போங்கள். அதன் பிஐடி எப்போதும் 1, இஎம்எம் எங்கே வருகிறது என்பதை அதுதான் சொல்லும். சோதனைக்குப் பழைய மாடல் பாக்ஸ் ஒன்றைக் கட்டாயம் வைத்திருங்கள். தெருமுனை நண்பர் பாட்டியின் பாக்ஸுக்குப் பகலில் மறுபடி அனுப்பச் சொல்வதில் பயனில்லை, எட்டு மணிக்கு மேல் கேளுங்கள். இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது: செஷனை அமைத்து முடித்ததும் சந்தா கட்டாத கார்டு ஒன்றையும் போட்டுப் பாருங்கள். 2011 கேபிள் டிவி சட்டத்திருத்தத்துக்குப் பிறகு சேனல்கள் மறையாக்கத்தோடுதான் போக வேண்டும். கட்டாத கார்டிலும் படம் தெரிந்தால் எந்த வாடிக்கையாளரும் புகார் சொல்லப்போவதில்லை. சேனல்காரரின் ஆடிட்டர்தான் சொல்வார்.