பெர்லினில் முதலில் தபால்பெட்டியைப் பாருங்கள்

பெர்லினுக்குப் படிக்க வரப்போகிறவர்கள் எந்த ஜெர்கின் வாங்குவது, எத்தனை கிலோ பருப்பு கட்டுவது என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். ஜெர்கின் இங்கே பழைய துணிக்கடைகளில் மலிவாகவே கிடைக்கும். பருப்பும் கிடைக்கும். வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு: தபால்பெட்டியில் என் பெயரை ஒட்ட விடுவீர்களா?

சிரிக்காதீர்கள். இங்கே அடுக்குமாடி வீடுகளின் முகவரியில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெரு, கட்டட எண், அவ்வளவுதான். மிச்சத்தைத் தபால்காரர் பெட்டியில் இருக்கும் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வங்கி அட்டை ஒரு கடிதத்தில், அதன் ரகசிய எண் இன்னொரு கடிதத்தில். மருத்துவக் காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாமே தபால்தான். என் வகுப்புத் தோழி ஒருத்தி உள்வாடகைக்கு இருந்தாள். பெயர் ஒட்டினால் கட்டட நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும் என்று அறைக்காரர் மறுத்துவிட்டார். அவளுடைய வங்கி அட்டை திரும்பிப் போய், கடைசியில் என் முகவரிக்குத்தான் வந்து சேர்ந்தது.

அந்த மாதிரி அறைகளில் அன்மெல்டுங்கும், அதாவது முகவரிப் பதிவும், நடக்காது. குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வேண்டும். அறை விளம்பரத்தில் ‘பதிவு செய்ய முடியாது’ என்றிருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தாண்டிப் போய்விடுங்கள். ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும்’ என்று யாராவது எழுதினால் பதிலே போட வேண்டாம். முறையான வாடகை வீட்டில் முன்பணம் அதிகபட்சம் 3 மாத வாடகைதான், அதுவும் ஹீட்டர், தண்ணீர்ச் செலவு சேராத வாடகைக்கு.

பதிவுக்கு நேரம் கிடைப்பதுதான் பெரும்பாடு. உங்கள் வட்டார அலுவலகம்தான் என்றில்லை, நகரத்தில் எந்த பியூர்கராம்ட்டுக்கும் (இந்தப் பதிவு நடக்கும் நகர அலுவலகம்) போகலாம். யாராவது ரத்து செய்த நேரம் காலையில் இணையத்தில் தலைகாட்டும். எனக்கு மேற்குக் கோடியில் ஷ்பாண்டாவில் கிடைத்தது. அங்கே இருந்த பெண் அலுவலர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டி, குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். நம் வழக்கப்படி அந்த இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். ஆக, தபால்பெட்டியில் ஒட்டியிருப்பது அப்பா பெயர், அழைப்பு மணிப் பக்கத்திலும் அப்பா பெயர். அவர் இன்றுவரை திருச்சியைத் தாண்டி வடக்கே போனதில்லை.

அந்தப் பெயரை முதலில் வாய்விட்டுப் படித்தவர் கீழ்வீட்டுப் பாட்டி. நான் இல்லாத நேரத்தில் வந்த ரைஸ் குக்கரை அவர்தான் வாங்கி வைத்திருந்தார். பக்கத்து வீட்டில் பார்சலைக் கொடுத்துவிட்டு நம் பெட்டியில் சீட்டு போட்டுவிட்டுப் போவது இங்கே சர்வசாதாரணம். நன்றி சொல்லப் போனால், “ஃப்ராவ்” (திருமதி மாதிரி ஒரு மரியாதைச் சொல்) என்று தொடங்கி அப்பா பெயரைத் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தார். அப்புறம் மூச்சு வாங்காமல் ஒரு வகுப்பு: கண்ணாடி பாட்டிலை ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் போடாதே, சத்தம். நிறமுள்ளது தனி, வெள்ளை தனி. 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் பாட்டிலைக் குப்பைக்குள் எறியாதே, வெளியே வை, பொறுக்குகிறவர் எடுத்துக்கொள்ளட்டும். கண்டிப்பான ஆள். ஆனால் டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் ஊரில், நாள் முழுக்க என்னோடு பேசிய ஒரே மனுஷி அவராக இருந்த நாட்களும் உண்டு.

பெர்லினின் பிரிட்ஸ் பகுதியில் ஸ்ரீ மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது. சாமி கும்பிடாதவர்கள்கூடப் போகலாம், காதில் தமிழ் விழும். அங்கே ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “நாங்கள் எண்பத்தஞ்சில வரேக்க கிழக்கு பெர்லினிலதான் இறங்கினனாங்கள், பிள்ளை. அங்கயிருந்து ரெயில் ஏறி மேற்குக்கு வந்திட்டம்” என்றார். அந்தக் காலத்தில் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மதில் நின்ற நகரத்தைக் கடந்து மேற்கே வந்து அடைக்கலம் கேட்டவர்கள் நிறையப் பேர். “எங்களிட்ட பேப்பர் இல்லை, இருக்க இடம் தந்தவங்கள். நீங்கள் எல்லாப் பேப்பரும் வைச்சிருக்கிறியள், இடம் கிடைக்குதில்லை” என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் வாங்கிக்கொண்டார். பதில் சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை.

சரி, முகவரிப் பதிவு முடிந்ததும் வரும் கடிதங்களில் ஒன்று வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்கும். டிவி இல்லை என்று வாதாடிப் பயனில்லை, மாதம் 18.36 யூரோ. ஆனால் அது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. கூடத் தங்கியிருப்பவர் யாராவது ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டுவிட்டு, உங்கள் பங்கை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.