என்எஃப்எஸ் சேமிப்பகத்தில் போஸ்ட்கிரஸ் தரவுக் கோப்பகத்தை வைத்திருப்பது பாதுகாப்பானதா?

கேள்வி:
வணக்கம். எங்கள் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் தரவுக் கோப்பகம் வேறொரு லினக்ஸ் சர்வரிலிருந்து, நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் மூலம் மவுன்ட் செய்யப்பட்டுள்ளது (இணைக்கப்பட்டுள்ளது). கடந்த வாரம் நெட்வொர்க் சில நிமிடங்கள் துண்டிக்கப்பட்டபோது, எழுத இயலவில்லை என்ற பிழையுடன் தரவுத்தளம் நின்றுவிட்டது. மீண்டும் தொடங்கிய பின் தரவு சரியாக இருப்பதாகவே தெரிகிறது. ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. மவுன்ட்டில் 'சாஃப்ட்' என்றும், வேகத்திற்காகச் சேமிப்பகச் சர்வரில் 'ஏசிங்க்' என்றும் அமைத்திருக்கிறோம். இதைச் சீர்செய்து தொடரலாமா?

மறுமொழி 1:
தொடரலாம், ஆனால் அந்த இரண்டு அமைப்புகளோடும் அல்ல. 'சாஃப்ட்' மவுன்ட் சில முயற்சிகளுக்குப் பின் கைவிட்டுப் பிழையைத் திருப்பிவிடும். 'ஹார்ட்' மவுன்ட்டோ சேமிப்பகம் திரும்பும்வரை காத்திருக்கும், தரவுத்தளத்திற்கு அந்தக் காத்திருப்பே நல்லது. தரவை வட்டில் உறுதியாக எழுதச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பு ஒருமுறை தோற்றால், லினக்ஸில் அடுத்த எஃப்சிங்க் எழுதப்படாத பக்கங்களை மறந்து வெற்றி என்று சொல்லிவிடக்கூடும் என்பது 2018இல் பெரிய விவாதமாயிற்று. அதனால்தான் இப்போதைய போஸ்ட்கிரஸ் அத்தகைய தோல்வியில் உடனே நின்று, மாற்றங்களை முன்கூட்டியே பதிந்துவைக்கும் டபிள்யூஏஎல்லிலிருந்து மீள்கிறது.

'ஏசிங்க்' இதைவிட ஆபத்தானது. தரவு வட்டை அடையும் முன்பே சர்வர் "எழுதிவிட்டேன்" என்று பதில் தருவதால், அது திடீரென நின்றால் டபிள்யூஏஎல் பதிவு தொலைந்து, அதற்குப் பின் எழுதப்பட்ட தரவுப் பக்கம் மட்டும் வட்டில் எஞ்சலாம். அந்த நிலையிலிருந்து மீள்வதற்குத் தரவுத்தளத்திடம் வழியே இல்லை.

மறுமொழி 2:
இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே கோப்பகத்தில் இரண்டு போஸ்ட்கிரஸ் இயங்காமல் தடுக்கும் பிஐடி கோப்பு (இயங்கும் செயல்முறையின் எண்ணைக் கொண்டது) ஒரே கணினிக்குள் மட்டுமே நம்பத்தக்கது. முதல் கணினி இறந்துவிட்டதாக எண்ணி வேறொன்றில் அதே கோப்பகத்தைத் தொடங்கினால், இரண்டும் எழுதித் தரவைச் சிதைத்துவிடும்; எனவே பழைய கணினியின் மின்சாரத்தையோ மவுன்ட் அனுமதியையோ முதலில் துண்டியுங்கள். மவுன்ட் புள்ளியையே தரவுக் கோப்பகமாக வைக்காமல், அதற்குள் ஒரு துணைக் கோப்பகத்தை வைப்பதும் நல்லது. மவுன்ட் ஆகாத நேரத்தில் தரவுத்தளம் தொடங்காமலே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
இரண்டையும் மாற்றிவிட்டேன். எழுதும் வேகம் வெகுவாகக் குறைந்துள்ளது. சேமிப்பகச் சர்வருக்கு யுபிஎஸ் இருப்பதால் 'ஏசிங்க்' அமைப்புக்குத் திரும்பலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். மின்சாரம் இருக்கும்போதே கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முடங்கினாலும் அதே இழப்புதான். வேகம் அவசியமென்றால், தொலைந்தாலும் பொறுத்துக்கொள்ளக்கூடிய பரிவர்த்தனைகளுக்கு மட்டும் போஸ்ட்கிரஸின் 'சின்க்ரனஸ் கமிட்' அமைப்பை (பதிவு வட்டை அடையும்வரை காத்திருப்பதை) நிறுத்துங்கள். அப்போது சர்வர் விழுந்தால், இயல்பான அமைப்பில், கடைசி 0.6 வினாடிக்குள் முடிந்தவை தொலையக்கூடுமே தவிர, தரவுத்தளம் சிதையாது. கடந்த வாரச் சேதத்தை அறிய முழு டம்ப் (தரவு நகல்) ஒன்று எடுத்துப் பாருங்கள். அது அட்டவணைகளைப் படிக்கும், இன்டெக்ஸ்களைச் சோதிக்காது, அவற்றுக்கு 'ஆம்செக்' நீட்சியை இயக்குங்கள்.